பொன்னாடை காட்டிய நேரத்தில் விழுந்த தட்டு

லைவ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற கண்ணுகளா, உங்களுக்கெல்லாம் கேமரா பிடிக்கத் தெரியும், மைக் மாட்டத் தெரியும், கம்ப்யூட்டரில் படத்தை மாற்றி மாற்றிப் போடத் தெரியும். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. நான் பார்த்தது ஒரே வேலைதான், திட்டு வாங்குவது. அதுவும் நான் செய்த தப்புக்கு இல்லை, உங்களை மாதிரி ஆட்கள் செய்த தப்புக்கு. போன மாதம் அதையும் விட்டுவிட்டேன், காது மந்தமாகிவிட்டது. ஜனங்கள் திட்டுவதைக் குறைத்துக்கொண்டார்கள் என்று முதலில் சந்தோஷமாக இருந்தேன். டாக்டர்தான் அதைக் கெடுத்தார்.

நான் படித்தது அஞ்சாவது வரைக்கும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது நம் ஆபீஸ் பொண்ணு. நல்லா இருந்தால் நான் சொன்னது, பிழை இருந்தால் அவள் எழுதியது.

நான் இந்த வேலைக்கு வந்த கதையே ஒரு திட்டில்தான் ஆரம்பம். அதற்கு முன்னால் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். தைத்து வருகிற பனியனில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலைச் சின்னக் கத்திரியால் வெட்டி எறிகிற வேலை. முழங்கால் மக்கர் பண்ணியதும் வீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவளுக்கு என்ன வேலை? போன் பார்ப்பதுதான்.

எங்கள் முதலாளி கம்பெனிக்கு வெளிநாட்டில் தட்டு எறிந்து விளையாடுகிறவர்களுக்கு டீ-ஷர்ட் தைத்துக் கொடுக்கிற ஆர்டர் வந்திருந்தது. அந்த வெளிநாட்டு ஆள் வந்தபோது ஒரு பை நிறையத் தட்டு கொடுத்துவிட்டுப் போனான். கனமான பிளாஸ்டிக் தட்டு. கம்பத்தில் இரும்புக் கூடை வைத்து, கூடைக்கு மேலே சங்கிலி சங்கிலியாகத் தொங்க விட்டிருப்பார்கள். தூரத்தில் நின்று தட்டை எறிய வேண்டும். சங்கிலியில் பட்டு, தட்டு கூடைக்குள் விழ வேண்டும். யார் குறைந்த எறியில் எல்லாக் கூடையையும் முடிக்கிறாரோ அவருக்கு ஜெயம். அவ்வளவுதான் ஆட்டம். ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர் கார்த்தி, பெருமாநல்லூர்ப் பக்கம் இருக்கிற முதலாளியின் தென்னந்தோப்பில் ஞாயிற்றுக்கிழமை இதை ஆரம்பித்தான். வெல்டிங் பட்டறையில் கூடை செய்தார்கள், ஊஞ்சல் கடையில் சங்கிலி வாங்கினார்கள். கொஞ்ச நாளில் நாலைந்து கம்பெனி சேர்ந்து டோர்னமெண்ட் என்று ஆகிவிட்டது.

அதை யூடியூபில் லைவ் காட்டியவர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். பெயர் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், அதனால் அண்ணாச்சி. அவர் திரையில் ஒரு வாட்ஸ்அப் நம்பர் போட்டிருப்பார், கருத்துச் சொல்லுங்கள் என்று. நம் ஊரில் யார் டைப் பண்ணுவார்கள்? நாளெல்லாம் மிஷினில் கை ஓட்டுகிற ஜனம். பட்டனை அமுக்கிப் பேசி அனுப்பிவிடும். அப்படி நானும் பேசி அனுப்பினேன்.

"ஏனுங் தம்பி, நீங்க ஆட்டத்தக் காட்டுறீங்களா, இல்ல மொதலாளி தோப்ப விக்கப் போறாருன்னு வெளம்பரம் பண்றீங்களா? தட்டு எங்கீங்க? நானும் காலையிலிருந்து தென்ன மட்டையத்தான் பாக்கறேன்."

ஒவ்வொரு வாரமும் இப்படி ஒன்றிரண்டு அனுப்புவேன். நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ அண்ணாச்சியே கூப்பிட்டார்.

"பாட்டிம்மா, ஒங்க வாய்ஸத்தான் எங்க ஆளுவ மொதல்ல கேக்கானுவ. வீட்ல இருந்து திட்டுததுக்கு, இங்க வந்து உக்காந்து திட்டுங்களேன்."

"திட்டறதுக்குச் சம்பளம் குடுப்பீங்களாக்கும்?"

"நீங்க திட்ட வேண்டாம். வார திட்டக் கேட்டு, என்ன விசயம்னு எங்கிட்டச் சொன்னாப் போதும்."

அப்படித்தான் நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தோப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் என்னை, அம்மாவைப் பெற்ற பாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி, அம்மாயி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

முதலில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஜனங்கள் ஒன்றை நினைத்துக்கொண்டு இன்னொன்றைச் சொல்லித் திட்டுவார்கள். ஆரம்பத்தில் எல்லாரும் "குவாலிட்டி சரியில்ல, குவாலிட்டி சரியில்ல" என்றார்கள். அண்ணாச்சி பதறிப்போய்க் கடன் வாங்கிப் புது கேமரா போட்டார். தென்னை மரத்தில் ஓடுகிற எறும்பு வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. திட்டு மட்டும் குறையவில்லை. சேவூரில் விவசாயம் பார்க்கிற ஒருத்தர் ஒரு நாள் ரொம்பப் பொறுமையாகப் பேசி அனுப்பினார்.

"அம்மிணி, படமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்குதுங்க. உங்க வரிசைல மூணாவது மரத்துக்கு வெள்ளை ஈ வந்திருக்குது, மொதலாளிகிட்டச் சொல்லிப்போடுங்க. ஆனா அந்தப் பையன் எங்க பாத்து எறியறான்னு மட்டும் எனக்கு இன்னும் தெரியலீங்க. கூடை எங்கீங்க இருக்குது?"

அதுதான் விஷயம். எறிகிறவனைக் காட்டினோம், பறக்கிற தட்டைக் காட்டினோம். எங்கே போய் விழ வேண்டும் என்பதைக் காட்டவில்லை. குறி தெரியாமல் பார்ப்பவனுக்கு எத்தனை நல்ல கேமராவும் மங்கல்தான். அன்றைக்கே கட்டிங்கில் மிஞ்சிய பளபள ஆரஞ்சுத் துணியை ஒவ்வொரு கம்பத்து உச்சியிலும் கட்டினார்கள். எறிவதற்கு முன்னால் கூடையை ஒரு தடவை காட்டிவிட்டு அப்புறம் ஆளைக் காட்டினார் அண்ணாச்சி. குவாலிட்டி பற்றிய பேச்சே நின்றுபோனது. கேமரா கடன் மட்டும் நிற்கவில்லை. முதலாளி மரத்துக்கு மருந்தும் அடித்தார்.

இப்போது பைனல் நடந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்ததே இதைச் சொல்லத்தான்.

பைனலில் ஒரு பக்கம் கார்த்தி. இந்த ஊரில் முதலில் தட்டைத் தொட்டவன் அவன்தான். இன்னொரு பக்கம் சுமித்ரா. ஒடிசாவிலிருந்து வந்து ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுகிற பொண்ணு, கம்பெனி ஹாஸ்டலில் இருப்பவள். மெலிந்த கை. ஆனால் அந்தக் கை தட்டை விட்டால் ரெண்டு தென்னைக்கு நடுவில் வளைந்து போகும்.

ஜெயிக்கிறவர் பெங்களூரில் நடக்கிற பெரிய போட்டிக்குப் போகலாம். மறுநாள் காலையில் வண்டி. கார்த்திக்கு அதில் ஒரு சிக்கலும் இல்லை, பையைத் தூக்கினால் போய்விடுவான். ஹாஸ்டல் பொண்ணு அப்படிப் போக முடியாது. பெற்றவர் தன் வாயால் போனில் சரி என்று சொன்னால்தான் வார்டன் கேட்டைத் திறப்பார். சுமித்ராவின் அப்பா சரி என்று சொல்லவில்லை. காலையில் அவள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"பாட்டிமா, எங்க அப்பா இன்னிக்கு லைவ் பாக்குது."

"நல்லதுதானே கண்ணு."

"நல்லது இல்ல. அப்பா சொல்றாரு, கம்பெனில பொண்ணுக்கு வெளையாட்டு, பெங்களூரு, எல்லாம் பொய்யி. வேற எங்கயோ கூட்டிட்டுப் போறாங்க. நான் கண்ணால பாக்கணும். ஜெயிச்சா போ. இல்லாட்டி வேலை விட்டு ஊருக்கு வா."

"அப்ப ஜெயிச்சுப்போடு."

"நான் ஜெயிக்கறேன். நீங்க காட்டுவீங்கள்ல?"

"அதுக்குத்தானே கண்ணு இத்தன பேரு வெயில்ல காயறோம்" என்றேன். பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டேன்.

கடைசிக் கூடை வரைக்கும் ரெண்டு பேரும் சமமாக வந்தார்கள். கூடை பக்கத்தில் ஒரு போனை ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தோம், அண்ணாச்சி தோளில் பெரிய கேமரா. எங்களிடம் இருந்தது அந்த ரெண்டு கண்தான். கார்த்தி முதலில் எறிந்தான், தட்டு கூடைக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தது. அவனுக்கு இன்னும் ஒரு எறி வேண்டும். அடுத்தது சுமித்ரா.

அப்போது பார்த்துச் சிறப்பு விருந்தினர் கார் தோப்புக்குள் வந்தது.

காலையில் வருகிறேன் என்றவர். கடைசிக் கூடை வரைக்கும் வராமல், சரியாக அந்த நேரத்துக்கு இறங்குகிறார். முதலாளி வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, விருந்தாளி வந்துட்டாருங்க. பொன்னாடை போத்தறத லைவ்ல காட்டிப்போடுங்க. அவரு ஊட்டுல எல்லாரும் பாத்துட்டிருக்கறாங்களாமா."

"மொதலாளி, கடைசி எறி போய்ட்டு இருக்கு. ரெண்டு நிமிசம்."

"ஏனுங்க, வந்தவரை நிக்க வெச்சுட்டு நாம வெளையாட்டுப் பாக்கறதா? அந்தப் புள்ள அத்தன தூரத்துல நிக்கறா, ஒரு எறியிலயா விழுந்துரப் போகுது? போத்திட்டு வந்தர்லாம் வாங்க."

நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்கே தெரியும். வீட்டுக் கூரையில் தீப்பிடித்தாலும் வந்த விருந்தாளிக்குத் துண்டைப் போர்த்திவிட்டுத்தான் தண்ணீர்க் குடத்தைத் தேடுவோம். தோப்பில் இருந்த அத்தனை பேரும் எழுந்து மேடைப் பக்கம் திரும்பினார்கள். அண்ணாச்சியும் திரும்பினார். பேச்சு சரியாகக் கேட்க வேண்டும் என்று ஸ்டாண்டில் இருந்த போனையும் கழற்றி மேடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ரெண்டு கண்ணும் பொன்னாடையைப் பார்த்தன.

சுமித்ரா காத்திருக்க முடியாது. புள்ளி எழுதுகிறவர் விசில் ஊதியாகிவிட்டது, ஊதினால் எறிந்தாக வேண்டும். அவள் எறிந்தாள்.

சங்கிலிச் சத்தம் கேட்டு நான் திரும்பிப் பார்த்தபோது தட்டு கூடைக்குள் கிடந்தது. அத்தனை தூரத்திலிருந்து ஒரே எறியில். அவளைத் தவிர, அது உள்ளே போனதை முழுசாகப் பார்த்தது ரெண்டு பேர். ஒருவர் புள்ளி எழுதுகிறவர், இன்னொருவன் தோற்றுப்போன கார்த்தி. அவனே கையை மேலே தூக்கிக்கொண்டு கத்தினான். "உள்ள விழுந்துருச்சுங்க! நான் பாத்தேன்!"

லைவில் என்ன தெரிந்தது? விருந்தாளிக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள், அவர் கும்பிடுகிறார், சால்வை நழுவுகிறது, மறுபடி போர்த்துகிறார்கள். கேமரா திரும்பினால் ஹாஸ்டல் பொண்ணுகள் சுமித்ராவைத் தூக்கிக்கொண்டு குதிக்கிறார்கள்.

என் காதில் இடி இறங்கியது. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. நம் ஊர் ராயபுரத்திலிருந்து ஒருத்தர், "கல்யாணத்துக்குப் போனாப் பொன்னாடைதான் போத்திட்டிருப்பாங்கன்னு, போகாம உக்காந்து உங்க லைவப் பாத்தேனுங்க. இங்கயுமா?" என்றார். ஒரு பொண்ணு அழுதுகொண்டே திட்டினாள், டைலர் போலிருக்கிறது, பின்னால் மிஷின் சத்தம். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் பார்த்துக்கொண்டு போனை ஒளித்து வைத்துப் பார்த்திருக்கிறாள். அதற்கு நடுவில் ஒரு ஆண் குரல். எனக்குப் புரியாத பாஷை. ஆனால் கண்ணுகளா, திட்டு எந்தப் பாஷையில் வந்தாலும் எனக்குத் தெரியும். இது சத்தம் போடவில்லை. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. சுமித்ராவைக் கூப்பிட்டுக் காதில் மாட்டிவிட்டேன்.

சிரித்துக்கொண்டே வந்தவள் கேட்கக் கேட்க முகம் வாடிப்போனாள்.

"அப்பாவா?"

"ம்."

"என்னன்றாரு?"

"எறிஞ்சத பாக்கல. யாரோ பெரியவருக்குத் துணி போட்டாங்க, அப்புறம் உன்னத் தூக்கினாங்க. இது நாடகம். நாளைக்கு ஊருக்கு ரயில் ஏறு. அப்படிச் சொல்றாரு."

வார்டன் அம்மா பக்கத்தில்தான் நின்றார். "அவரு சொல்லாம நான் உடமுடியாது சாமி. நாளைக்கு ஒண்ணுன்னா என்னயத்தான் கேப்பாங்க" என்றார். அவர் மேலேயும் தப்பில்லை.

முதலாளிக்கு அப்போதுதான் உறைத்தது. மனுஷர் கெட்டவர் இல்லை, முகமே சுருங்கிவிட்டது. உடனே ஒரு வழி சொன்னார்.

"அதுக்கென்னுங்க, புள்ளைய மறுபடி எறியச் சொல்லுங்க. விழற வரைக்கும் எறியட்டும். விழுந்தத மட்டும் வெட்டி, இதான் அந்த எறின்னு போட்டுப்போடலாம். அவ ஜெயிச்சது நெசந்தானுங்களே? நாம ஒண்ணும் பொய் சொல்லலயே."

கார்த்தியும் சேர்ந்துகொண்டான். "கொஞ்சம் முன்னாடி வந்து நின்னு எறிஞ்சா உடனே விழுந்துருங்ணா. கேமராவுல தூரம் தெரியாது."

எல்லாரும் தலையாட்டினார்கள். சொல்லப்போனால் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பொண்ணு ஜெயித்தது நிஜம், அப்பா நம்ப வேண்டும், யாருக்கு என்ன நஷ்டம்?

அண்ணாச்சி மட்டும் கேமராவைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அம்மாயி, போன்ல ஆளுவ என்ன கேக்காவ?"

"திட்டறாங்க."

"அது இருக்கட்டும். என்ன கேக்காவ?"

நான் யோசித்தேன். இத்தனை திட்டையும் பிழிந்தால் மிஞ்சுவது ஒன்றுதான். "என்ன நடந்துச்சுன்னு கேக்கறாங்க" என்றேன்.

"அப்ப அதச் சொல்லிருவோம்" என்று கேமராவைத் தோளில் ஏற்றினார். லைவ் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் முகம் தெரியாது, குரல் மட்டும் போனது.

"பாக்கவங்க எல்லாருக்கும் சொல்லுதேன். கடைசி எறி கூடைக்குள்ள விழுந்திச்சு. நாங்க எடுக்கல. பொன்னாடைய எடுத்துக்கிட்டு இருந்தோம். தப்பு எங்களோடது. இந்தப் பிள்ளையோட அப்பா ஒடிசாவுல இருந்து பாக்காரு. அவருக்காக அவ இன்னொரு தடவ எறியப் போறா. இது ஆட்டத்துல சேராது. விழுந்தாலும் காட்டுவோம், விழலன்னாலும் காட்டுவோம்."

சுமித்ராவும் கேமரா முன்னால் வந்து அதையே தன் பாஷையில் அப்பாவுக்குச் சொன்னாள். முதலாளி என் காதில் கிசுகிசுத்தார். "ஏனுங்க அம்மாயி, விழலன்னா அந்தப் புள்ள பொழப்பு என்னாவறது?"

"அத எறியறவகிட்டக் கேளுங்க" என்றேன்.

சுமித்ராவிடம் கார்த்தி முன்னால் ஒரு இடத்தைக் காட்டினான். அவள் தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் நடந்தாள். "அங்க இருந்துதான் எறிஞ்சேன். அங்க இருந்துதான் எறியணும்" என்றாள். அண்ணாச்சி இந்தத் தடவை முதலில் கூடையைக் காட்டினார், அப்புறம் அவளை.

முதல் எறி தென்னை மரத்தில் பட்டுத் தெறித்தது.

தோப்பே உச்சுக் கொட்டியது. விருந்தாளி பொன்னாடையோடு எழுந்து வந்து நின்று பார்த்தார், பாவம், யாரும் அவரைக் கவனிக்கவில்லை. சுமித்ரா இன்னொரு தட்டை எடுத்தாள். துணியில் துடைத்தாள். எறிந்தாள். இந்தத் தடவை சங்கிலியில் பட்டது. சத்தம் நன்றாகக் கேட்டது. தட்டு சங்கிலியில் ஒரு நொடி தொங்கிவிட்டு வெளியே மண்ணில் விழுந்தது.

அண்ணாச்சி கேமராவை வேறு பக்கம் திருப்பவில்லை. மண்ணில் கிடந்த தட்டைக் காட்டினார். கூடை காலியாக இருப்பதைக் காட்டினார். தலையைக் குனிந்து நின்ற பொண்ணைக் காட்டினார். அவ்வளவு நேரமும் என் காதில் ஒரு திட்டு வரவில்லை. ஒரு வாய்ஸ் கூட இல்லை. இத்தனை வருஷத்தில் நான் பயந்தது அப்போதுதான். திட்டுகிற வரைக்கும் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

அப்புறம் அந்தக் குரல் வந்தது. அதே மெதுவான குரல். நான் ஹெட்போனைக் கழற்றிச் சுமித்ராவிடம் நீட்டினேன். அவள் வாங்கப் பயந்தாள். நானே காதில் வைத்துவிட்டேன்.

கேட்டாள். மறுபடி ஒரு தடவை போட்டுக் கேட்டாள். அப்புறம் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத மாதிரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சாமி சொல்றாரு? சொல்லித் தொலையேன்" என்றார் வார்டன்.

"அப்பா சொல்றாரு... நாடகம் போடறவன் தப்பா எறிஞ்சத ரெண்டு வாட்டி காட்ட மாட்டான். இவன் எல்லாம் காட்டறான். அப்போ விழுந்துச்சுன்னு சொன்னதும் நெஜந்தான். போயிட்டு வா."

வார்டன் நம்பவில்லை. நம்பாததுதான் அவர் வேலை. உடனே அந்த நம்பருக்குப் போன் போட்டு, தனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் அவர் வாயாலேயே கேட்டு வாங்கிக்கொண்டார். பொண்ணுகள் மறுபடி சுமித்ராவைத் தூக்கினார்கள். முதலாளி மிச்சம் இருந்த ஒரு பொன்னாடையை எடுத்து வந்து அவளுக்குப் போர்த்தினார். இந்தத் தடவை அதைப் படம் எடுக்கச் சொல்லி யாரையும் கேட்கவில்லை.

கண்ணுகளா, நாளைக்கு உங்களுக்கும் இப்படி ஒன்று தவறும். தவறாமல் இருக்காது. அப்போது வெட்டி ஒட்டி நேராக்கிவிடலாம் என்று நாலு நல்லவர்கள் சொல்வார்கள். கெட்டவர்கள் சொன்னால் சுலபமாக மறுத்துவிடலாம், நல்லவர்கள் சொல்வதுதான் கஷ்டம். நான்கூடத் தலையாட்டினேன் என்று சொன்னேனே. அண்ணாச்சி மறுத்தார். மறுத்ததற்குக் காரணம் என்ன என்று பின்னால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "கல்யாண வீடியோவுல போதுமான அளவு வெட்டி ஒட்டிட்டேன் அம்மாயி" என்பார், அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார்.

அன்றைக்கு ஒயரையெல்லாம் சுருட்டிக்கொண்டிருக்கும்போது அந்த அப்பாவிடமிருந்து இன்னொரு வாய்ஸ் வந்தது. சுமித்ராவைத்தான் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொல்ல மாட்டேன் என்றாள். விடுவேனா? பிடுங்கி வாங்கி, அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அதுதானே என் வேலை.

"அண்ணாச்சி, ஒடிசால இருந்து ஒரு கம்ப்ளெயிண்ட்."

"அவருமா? என்னவாம்?"

"பொண்ணு ரெண்டாவது தட்டு எறியறப்ப கேமரா ஆடுச்சாமா. ஒண்ணும் சரியாத் தெரியலயாமா."

அண்ணாச்சி ஒயரைக் கீழே போட்டார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ஆடத்தான செய்யும்! அந்நேரம் அதப் புடிச்சிருந்தது ஸ்டாண்டா? நான்லா புடிச்சிருந்தேன்!"